கரையோர ஊரின் இணைய விவாதம் எப்போது திட்டக் கோப்புக்குள் நுழைகிறது?

பாம்பனுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் கடற்கரைச் சாலை, படகு நிறுத்தும் இடம், புதிதாக முளைக்கும் விடுதிகள் ஆகியவை பற்றி நெடுநாளாக விவாதித்து வருகிறோம். இப்படிப் பேசுவதால் அரசு தீட்டும் திட்டத்தில் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? மாறும் என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?"

மாறும். ஆனால் எவ்வளவு பேசினோம் என்பதைப் பொறுத்து மாறாது. பேசியதில் எவ்வளவு, திட்டம் வரைவாக இருக்கும்போதே, எழுத்து வடிவில் உரிய அலுவலகத்தின் கோப்பில் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே மாறும். ஆயிரம் பதிவுகளால் அசையாத வரைபடத்தை நான்கு பக்கக் கடிதம் ஒன்று அசைக்கக்கூடும் என்று சொன்னால் குழுவில் பலர் நம்பமாட்டார்கள். அது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், கடற்கரையில் ஒரே ஒரு திட்டம் நடப்பதில்லை. ராமேஸ்வரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் எது குடியிருப்புப் பகுதி, எது வணிகப் பகுதி, எங்கே சாலை வரும் என்பதை முடிவு செய்வது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் தயாராகும் முழுமைத் திட்டம். உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டருக்குள் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வரையறுப்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதையொட்டித் தயாராகும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டமும். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால் அங்கே வனத்துறையின் சொல்லே சொல். படகு இறங்குதளம் மீன்வளத் துறையைச் சேர்ந்தது; தனுஷ்கோடிச் சாலை தேசிய நெடுஞ்சாலை; பாலமும் தண்டவாளமும் ரயில்வேயின் பொறுப்பு. குழுக்களில் எல்லாக் கோரிக்கைகளையும் மாவட்ட ஆட்சியரின் முகநூல் பக்கத்திலேயே கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். அது குற்றமில்லை என்றாலும், எந்த முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்று தெரியாத விவாதம் எவ்வளவு சூடாக இருந்தாலும் அந்த மேசைக்குப் போய்ச் சேராது.

இந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் பொதுமக்கள் நுழைய ஒரு வாசல் உண்டு. அது சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் திறந்திருக்கும். முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து, யாரிடமிருந்தும் எழுத்து மூலமான ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பெற வேண்டும் என்பது சட்டம். நேரில் விளக்க விரும்புவதாக எழுதிக் கேட்டவருக்கு அந்த வாய்ப்பையும் தர வேண்டும். கடற்கரை மண்டல வரைபடங்களுக்கு மாவட்ட அளவில் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். பெரிய தொழில் திட்டங்களுக்கு, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் கூட்டி, நடவடிக்கைகளை முழுவதும் காணொளியாகப் பதிவு செய்து, மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் அவர்களுடைய மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கே கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். அறிவிப்பு ஒரு நாளிதழின் ஏழாம் பக்க மூலையில் வெளியாகி, ஊரில் யார் கண்ணிலும் படாமல், அவகாசமும் முடிந்துபோன பிறகு குழுவில் தொடங்கும் கொந்தளிப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. எனவே இணையக் குழு செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள வேலை, அறிவிப்பு வெளிவந்த அன்றே அதைப் படம் பிடித்து, கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் போட்டு, ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டு சேர்ப்பதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும், 1100 என்ற எண்ணில் பதியும் புகாரும் குறைகளுக்கு உரியவை. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்பவற்றுக்கு அவை பொருத்தமானவை. வரைவுத் திட்டத்தின் மீதான ஆட்சேபணையை அந்த வழியில் அனுப்பினால், அது வேறொரு மேசைக்குப் போய், 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற ஒரு வரிப் பதிலோடு முடித்து வைக்கப்படும். திட்டத்தைத் தயாரிக்கும் அமைப்பின் ஆட்சேபணைப் பதிவேட்டில் அது ஏறவே ஏறாது. அறிவிப்பில் எந்த முகவரி குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அந்த முகவரிக்கே போக வேண்டும்.

இணையப் பேச்சு முறையான ஆட்சேபணையாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டு நல்ல சான்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்றி மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டபோது நாடே ஊரடங்கில் இருந்தது. தெருவில் இறங்க வழியில்லை. இளைஞர்கள் வரைவின் ஒவ்வொரு பகுதியையும் தத்தம் மொழியில் விளக்கி, ஆட்சேபணைக் கடிதத்தின் மாதிரியைப் பரப்பி, அமைச்சகம் அறிவித்த மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பச் செய்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி, கருத்துத் தெரிவிக்கும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. லட்சக்கணக்கான கடிதங்கள் குவிந்த அந்த வரைவு இறுதி விதியாக வெளிவரவே இல்லை. பெங்களூரில் பசவேஸ்வரா சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை திட்டமிடப்பட்ட எஃகு மேம்பாலமும் இதே வகையைச் சேர்ந்தது. 2016-இல் சமூக வலைத்தளங்களில் எழுந்த எதிர்ப்பு மனிதச் சங்கிலியாகவும் பசுமைத் தீர்ப்பாய வழக்காகவும் வளர்ந்தது. 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அங்கும் இங்கும் இணையம் ஆட்களையும் காரணங்களையும் திரட்டிக் கொடுத்தது. முடிவை மாற்றியவை கோப்பும் தெருவும் நீதிமன்றமும்.

ஆனால் எதிர்ப்பை மட்டுமே இணையத்தின் பயனாகக் கருதுவது எனக்கு உடன்பாடில்லை. ராமநாதபுரம் கரையில் அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்காகக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் ஏறத்தாழ 237 கிலோமீட்டர் இந்த ஒரு மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கரையும் ஒரே கடலைப் பார்த்தது அல்ல. நம் ஊர்க்காரர்கள் வடகடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கமும், தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கமும் காற்றுக்கேற்ப முறை மாறிப் புழங்குபவை. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும்போது தோணிகளும் வல்லங்களும் தென்கரைக்கு மாறும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கரை வெறிச்சோடி வடகரை நிரம்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கவும் கரையேற்றிப் பழுது பார்க்கவும் தேவைப்படும் இடம் வேறு எந்த மாதத்திலும் தேவைப்படாது. கரைவலை இழுக்க நீண்ட திறந்த மணற்பரப்பு வேண்டும். வலை இழுக்காத நேரத்தில் அங்கே எதுவுமே இருக்காது. கருவாடு காயும் களம் மழைக்காலத்தில் வெறும் மணல்.

இப்போது திட்டம் வரைபவரின் நிலையிலிருந்து பாருங்கள். அவர் கையில் இருப்பது ஏதோ ஒரு நாளில் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படமும் வருவாய்த் துறையின் புல வரைபடமும். படம் எடுக்கப்பட்ட நாளில் காலியாக இருந்த கரை, பதிவேட்டில் 'புறம்போக்கு' என்றும் இருந்துவிட்டால், அவர் கண்ணுக்கு அது பயன்படாத நிலம். அங்கே ஒரு பூங்காவையோ வாகன நிறுத்தத்தையோ வரைவதில் அவருக்குத் தயக்கம் வரக் காரணமே இல்லை. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இந்த ஆபத்தை உணர்ந்தே, மீனவ ஊர்கள், அவர்களுடைய பொதுச் சொத்துகள், இறங்குதளங்கள், மீன் காயப்போடும் இடங்கள், பனிக்கட்டி ஆலைகள், பள்ளி, சாலை போன்றவற்றை சர்வே எண் தெரியும் அளவிலான கிராம வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும் என்றது. 2019 அறிவிக்கையின் கீழான வரைவு வரைபடங்கள் 2023-இல் தமிழ்நாட்டில் கருத்துக்கேட்புக்கு வந்தபோது, இவை விடுபட்டுள்ளன என்பதே மீனவ அமைப்புகளின் முதன்மையான ஆட்சேபணையாக இருந்தது. விடுபடலின் விளைவு சிறியதன்று. 2019 அறிவிக்கையின்படி, 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரையில் கட்டுமானம் கூடாத பகுதி 50 மீட்டர் மட்டுமே. மற்ற ஊரகக் கரையில் 200 மீட்டர். அந்தப் பகுதிக்குள்ளேயே, உயர் அலைக் கோட்டுக்கு 10 மீட்டர் தள்ளி, சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. கருவாட்டுக் களம் வரைபடத்தில் இல்லையென்றால் குடில் வரும்போது எதைக் காட்டி மறுப்பது?

இந்த இடத்தில்தான் உங்கள் குழு எந்த ஆலோசனை நிறுவனத்தாலும் செய்ய முடியாததைச் செய்யலாம். ஒரே கரையை ஆண்டின் வெவ்வேறு மாதங்களில், தேதியும் இடக்குறியும் பதிவாகும்படி, ஊர்க்காரர்களே கைப்பேசியில் படமெடுத்துச் சேர்த்து வைக்கலாம். கடலுக்குப் போகிறவர்கள் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறார்கள். வலை போடும் இடங்களான பாடுகளின் எல்லையையும் படகு ஏறும் வழியையும் அதிலேயே குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம். அந்தப் புள்ளிகளைப் புல வரைபடத்தோடு பொருத்தி, எந்தப் புறம்போக்கு எண்ணில் எந்த மாதத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு பக்க அட்டவணை ஆக்கினால், திட்ட அலுவலரால் அதைத் தள்ளிவிட முடியாது; தள்ளினால் காரணம் எழுத வேண்டிவரும். 'எங்கள் வாழ்வாதாரத்தைப் பறிக்காதீர்கள்' என்ற வாசகத்துக்குப் பதில் எழுத அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

குழுவில் யார் இல்லை என்ற கேள்வியும் உண்டு. அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், கூலிக்குக் கரைவலை இழுப்பவர்கள், கருவாடு தரம் பிரிக்கும் முதியவர்கள் ஆகியோர்தான் கரை நிலத்தை மற்ற எவரையும் விட அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள். அவர்களே குழுவில் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள், அல்லது அந்தக் குழுவிலேயே இல்லை. மறுபுறம், கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போயிருக்கும் சபுராளிகள் குழுவில் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறார்கள். படிப்பும் பணமும் தொடர்பும் உள்ள அவர்களால் நல்ல பொறியாளரையும் வழக்கறிஞரையும் பிடித்துத் தர முடியும். ஆனால் விடுமுறைக்கு வரும் ஒருவர் விரும்பும் அகலமான சாலையும், அன்றாடம் அதே இடத்தில் வலை உலர்த்துபவருக்குத் தேவையான திறந்த கரையும் ஒன்றல்ல. குழுவில் வாக்கெடுப்பு நடத்தி 'ஊரின் முடிவு' என்று அறிவிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறார்கள். திட்ட அலுவலர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். இந்த இடைவெளியை நிரப்பப் பாம்பனில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 90.4 அலைவரிசையில் 2016 முதல் ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி, எழுத்துப் படிக்காதவர் காதிலும் விழும். குழுவில் தேறிய செய்தியை வானொலியிலும், வானொலி கேட்டு வந்த கருத்தைக் குழுவிலும் கொண்டுவந்தால் விவாதத்தின் பரப்பே மாறும்.

வதந்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வரைவைப் புதியது என்று பரப்புவது, வேறு மாவட்டத்து வரைபடத்தை நம் ஊருடையது என்று போடுவது ஆகியவை குழுவின் நம்பகத்தன்மையை ஒரே நாளில் அழித்துவிடும்; அதிகாரிகள் அதன்பிறகு உண்மையான ஆட்சேபணையையும் அதே கண்ணோடு பார்ப்பார்கள். தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை திறந்த பிறகு, மனை விற்போரும் குழுக்களில் 'ஊர் வளர்ச்சி' பேசுகிறார்கள். அவர்களுக்கும் பேசும் உரிமை உண்டு. ஆனால் எந்த நிலத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பேசும் வழக்கத்தைக் குழு கட்டாயமாக்கினால் நல்லது.

நம் மாவட்டத்திலேயே பாடமாகக் கொள்ள இரண்டு நிகழ்வுகள் உண்டு. உப்பூரில் தலா 800 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகளோடு அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டத்தை விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தனர். 2021 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. அது ஆண்டுக்கணக்கில் ஆவணம் சேர்த்து நடந்த போராட்டம். மற்றொன்று வேறு வகை. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று 2020 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. ஆகவே இம்மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசி நிறுவனம் 2025-இல் அனுமதி பெற்றபோது மக்களுக்கு எந்த வாசலும் திறக்கப்படவில்லை. ஆகஸ்டில் செய்தி பரவி எதிர்ப்பு வலுத்த பின், அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே அறிவுறுத்தியது. முறையான வாசல் இல்லாத இடத்தில் பொதுவெளியின் குரலுக்கு நேரடி வலு உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்த வலு அரசியல் சூழலைச் சார்ந்தது. அறிவுறுத்தல் வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு.

இனி, முதலில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊர் ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா என்பதைப் பொறுத்து வழி மாறும். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். அங்கே ஆண்டுக்கு ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில், கிராம சபை கூடுகிறது. குழுவில் தேறிய அட்டவணையை அங்கே படித்து, தீர்மானமாக நிறைவேற்றி, பதிவேட்டின் நகலை வாங்கிவிட்டால், தனிநபர் கடிதத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். நகராட்சி என்றால் 2022-இல் விதிகள் வகுக்கப்பட்ட பகுதி சபையில் அதே வேலையைச் செய்ய வேண்டும். அங்கே தீர்மானத்தின் வலு சற்றுக் குறைவு என்பதே என் கணிப்பு. கருத்துக்கேட்புக் கூட்டத்தின் தேதி அறிவிக்கப்பட்டால் கிழமையைப் பாருங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகின்றன. அந்த நாள்களில் கூட்டம் வைத்தால் பாதி ஊர் கடலில் இருக்கும். தேதியை மாற்றும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். மாற்றாவிட்டாலும் அந்தக் கடிதம் பின்னால் உதவும்.

ஆட்சேபணையை எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத் தாளின் எண், சர்வே எண், இப்போதைய பயன்பாடு, வரைவில் காட்டியிருப்பது, நீங்கள் கேட்கும் மாற்றம், சான்றுப் படங்கள் ஆகியவை வரிசையாக இருந்தால் போதும். உணர்ச்சியை ஒரு வரிக்கு மேல் வளர்க்க வேண்டாம். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே கடிதம் பதிவேட்டில் ஒரே ஆட்சேபணையாகிவிடக்கூடும் என்பதால், அவரவர் பயன்பாட்டை அவரவர் எழுதிய தனிக் கடிதங்களே மேல். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த முத்திரையிட்ட நகலைக் குழுவில் போட்டால், அடுத்தவர் தாமும் எழுதத் துணிவார்.

அவகாசம் முடிந்த பிறகு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், மொத்தம் எத்தனை ஆட்சேபணைகள் வந்தன, உங்களுடையதற்கு என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் இவை அனைத்துக்கும் முன்பாக, வருகிற வாரத்திலேயே இருவர் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் நேரில் போய், உங்கள் ஊருக்கான எந்தத் திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஆட்சேபணைக்கான காலம் தொடங்கிவிட்டதா, ஊர் இடம்பெறும் வரைபடத் தாளின் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே குழுவில் அடுத்த விவாதத்தைத் தொடங்குங்கள்.